முறையாகக் கூப்பிடவில்லை

ஜனவரி 4, ஞாயிறு

இந்த நோட்டு என் மனைவி தமயந்தி வாங்கிக் கொடுத்தது. "நான் ஆபீஸ்ல இருந்து வந்து பையக்கூடக் கீழ வெக்கல, அதுக்குள்ள பேச ஆரம்பிச்சர்றீங்க. பாதிய இதுல எழுதிப் போடுங் மாமா, மீதிய எங்கிட்டச் சொல்லுங்க" என்றாள். சரி, பாதி இங்கே.

பெயர் குழந்தைவேல். வயது நாற்பத்தேழு. திருச்செங்கோட்டில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடமாக பி.டி. மாஸ்டர். அங்கே நான் டீ குடிக்கப் போனால் திரும்பிவர ஒன்றரை மணி நேரம் ஆகும். டீ குடிக்க ஐந்து நிமிடம், மீதி பேச்சு. இப்போது நெதர்லாந்தில் உட்ரெக்ட் என்ற ஊரில், மூன்றாவது மாடியில், மனைவி வேலைக்குப் போனபின் வீட்டைப் பெருக்கிக்கொண்டு இருக்கிறேன். அவள் கம்பெனி அவளை இங்கே மாற்றியது. மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில். நான் சம்பளமில்லா விடுப்பு போட்டுவிட்டு அக்டோபரில் பின்னாலேயே வந்தேன்.

நேற்று தலைமையாசிரியரிடமிருந்து மெயில். ஜூனில் வேலைக்குத் திரும்புகிறேனா, விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்கிறேனா, மார்ச் 31க்குள் எழுத்தில் தர வேண்டுமாம். தமயந்தியை இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். அவளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் கேட்டால், "உங்க இஷ்டமுங்க. நீங்க போறதுன்னா நானும் வந்தர்றேன்" என்கிறாள்.

நான் சொல்லிவிட்டேன்: மூன்று மாதம் பார்க்கிறேன். உட்கார்ந்து பேச ஒரு மனிதன் கிடைத்தால் இருப்போம், இல்லாவிட்டால் ஊர்.

அவளுக்கு என்ன, ஆபீஸில் ஆள் கூட்டம். பிரிகிட்டா, தாமஸ், இன்னும் யார் யாரோ. மதியம் சாப்பிடும்போது ஒரே சிரிப்பாம். திண்டாட்டம் எனக்குத்தான்.

ஜனவரி 7, புதன்

கால்வாய் ஓரம் நடந்தபோது எதிரில் வந்த பதினான்கு பேருக்கு வணக்கம் சொன்னேன். ஒன்பது பேர் பதில் சொன்னார்கள். நின்று முகம் பார்த்தது ஒரு நாய் மட்டும்.

ஜனவரி 10, சனி

நூலகத்தில் ஒரு நோட்டீஸ். வியாழக்கிழமை காலை பத்து மணி, நடைக் கால்பந்து. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. நடந்தே விளையாட வேண்டும், ஓடினால் தப்பு.

தமயந்தி, "போயி நில்லுங்க. முடியெல்லாம் நரச்சுத்தான இருக்குது, யாரு கேக்கப் போறா" என்றாள்.

ஜனவரி 15, வியாழன்

போனேன். அவமானப்பட்டேன். ஆனாலும் சந்தோஷமாகத் திரும்பினேன்.

பதினோரு கிழவர்கள். ஒருவர் இடுப்பில் பெல்ட், ஒருவர் முழங்காலில் கட்டு. வயது கேட்டார்கள். நாற்பத்தேழு என்றதும், "இன்னும் பதிமூன்று வருடம் கழித்து வா" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். ஆள் ஒன்று குறைந்ததால் சேர்த்துக்கொண்டார்கள். பந்து காலுக்கு வந்ததும் ஓடிவிட்டேன். விசில். மறுபடி ஓடினேன். மறுபடி விசில். இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்து "ஓடுடா, ஓடுடா" என்று கத்தியவன் நான். என் காலுக்கு நடக்கத் தெரியவில்லை. ஐந்தாவது தடவை ஹென்க் என்பவர் விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நீ நடுவராக இரு. எங்களுக்குள் யார் நடுவராக இருந்தாலும் சண்டை வருகிறது."

ஹென்க் ரிட்டயரான பஸ் டிரைவர், அறுபத்து நாலு வயது. ஆளும் பஸ் மாதிரிதான். அதற்குப்பின் அரை மணி நேரம் மைதானமே என் கையில். ஏழு பேரை ஓடினார்கள் என்று பிடித்தேன்.

முடிந்ததும் காபி. ஹென்க், "காபி?" என்றார். நம் வழக்கப்படி "பரவாயில்லை, வேண்டாம்" என்றேன். சரி என்று அடுத்த ஆளிடம் போய்விட்டார். இரண்டாவது முறை கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவே இல்லை. குளிரில் பதினோரு பேர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தமயந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒவ்வொருவர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஹென்க் எப்படிச் சிரிப்பார் என்றுகூடக் கேட்டாள். சோற்றை மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டாள். ஆபீஸில் பேச்சு சுவாரஸ்யத்தில் சாப்பிடவே மறந்து போகிறாளாம்.

ஜனவரி 22, வியாழன்

இன்று கேட்டு முடிக்கும் முன்பே "வேண்டும்" என்றேன். காபி வந்தது. பிஸ்கட் டப்பா வந்தது. ஆளுக்கு ஒன்று எடுத்ததும் மூடியை அழுத்தி மூடி அலமாரியில் வைத்துவிட்டார்கள். ஒன்று! எங்கள் வீட்டு நாய்க்குக்கூட நாங்கள் இரண்டு போடுவோம்.

ஹென்க் பக்கத்தில் உட்கார்ந்து என் ஊர், வேலை எல்லாம் விசாரித்தார். மனைவி இறந்து நாலு வருடமாம். தங்கை எல்ஸ் பக்கத்துத் தெருவாம். எழுந்து போகும்போது சாதாரணமாக, "பிப்ரவரி பதினைந்து ஞாயிறு இரண்டு மணிக்கு என் பிறந்தநாள். நீயும் உன் மனைவியும் வாருங்கள்" என்றார்.

"கண்டிப்பாக வருகிறோம்" என்றேன். முகத்துக்கு நேரே வேறு என்ன சொல்வது.

ஜனவரி 29, வியாழன்

ஓடியதாக ஒன்பது பேரைப் பிடித்தேன். யான் என்பவர், எழுபத்தொரு வயது, நான் அவரைக் குறிவைக்கிறேன் என்று கோபித்துக்கொண்டு பத்து நிமிடம் வெளியே நின்றார். எங்கள் எட்டாம் வகுப்பு பி பிரிவு ஞாபகம் வந்துவிட்டது.

தமயந்தி வியாழக்கிழமைகளில் சீக்கிரம் வந்துவிடுகிறாள். வந்ததும், "யான் இன்னிக்கு என்னங்க பண்ணுனாரு?" என்கிறாள். அவள் கூட்டத்தைப் பற்றிக் கேட்டால், "வழக்கம்போலதாங்க, ஒரே அரட்டை" என்று முடித்துவிடுகிறாள்.

பிப்ரவரி 12, வியாழன்

ஹென்க் பிறந்தநாளைப் பற்றி மூச்சு விடவில்லை. மூன்று வாரமாக விடவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

போகவில்லை.

தமயந்தி கேட்டாள். நான் விளக்கமாகச் சொன்னேன். ஒரு அழைப்பு என்றால் அதற்கு முறை இருக்கிறது. வீட்டுக்கு வரவேண்டும். புருஷன் பெண்டாட்டி இருவரையும் நிற்கவைத்துச் சொல்லவேண்டும். முந்தின நாள் போன் பண்ணி "வந்துருங்க" என்று ஞாபகப்படுத்தவேண்டும். பெரியப்பா மகன் கல்யாணத்துக்குக் கார்டைத் தபாலில் அனுப்பினார்கள் என்று எங்கள் அப்பா எதிர்த்த தெருவில் நடந்த விருந்துக்கே போகவில்லை. இவர் எழுந்து போகிறபோது ஒரு வார்த்தை சொன்னார். அது மரியாதைக்குச் சொல்வது. அதை நம்பிப் போய் நின்றால், "அட, இவன் நிஜமாகவே வந்துவிட்டானே" என்று நினைக்கமாட்டாரா?

"இல்லீங் மாமா, அவிய சொன்னா சொன்னதுதானாமா. போலாமுங்க" என்றாள்.

"முறையாக் கூப்பிடலியே புள்ள."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். காலையிலேயே தலைக்குக் குளித்து நீலப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க எதற்குப் பட்டு என்று தெரியவில்லை. நாலு மணிக்கு நைட்டிக்கு மாறிவிட்டாள். அலமாரியில் கலர் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி இருந்தது. மகளுக்காக இருக்கும்.

மதியம் தூங்கினேன்.

பிப்ரவரி 19, வியாழன்

இந்த ஊர்க்காரர்கள் சுற்றி வளைக்கமாட்டார்கள். வார்ம் அப் முடிவதற்குள் ஹென்க் வந்து எதிரில் நின்றார்.

"நீ வருகிறேன் என்றாய். வரவில்லை. ஏன்?"

"நீங்கள் மறுபடி கூப்பிடவில்லையே" என்றேன்.

"கூப்பிட்டேன். ஜனவரி இருபத்திரண்டு. நீ வருகிறேன் என்றாய்." சட்டைப் பையிலிருந்து டைரியை எடுத்துக் காட்டினார். என் பெயரை ஐந்து எழுத்துப் பிழையோடு எழுதி, பக்கத்தில் இரண்டு பேர் என்று போட்டிருந்தார். "பன்னிரண்டு நாற்காலி வட்டமாகப் போட்டேன். இரண்டு காலி. என் தங்கை கேக் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் அந்த இரண்டையும் தாண்டிப் போனாள். யார் வரவேண்டும் என்று எல்லோரும் கேட்டார்கள். என் நண்பன் என்றேன்."

அவ்வளவுதான். அப்புறம் விளையாடப் போய்விட்டார். நான் விசிலை வாயில் வைத்தேன், ஊத மூச்சு வரவில்லை. யான் மைதானம் முழுக்க ஓடினார். ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

என் நண்பன் என்றாராம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

முடிவு பண்ணிவிட்டேன். ஊருக்கே போய்விடலாம். கிடைத்த ஒரு ஆளையும் நானே கெடுத்துக்கொண்டேன். தலைமையாசிரியருக்கு அடுத்த வாரம் எழுதிவிடலாம் என்று தமயந்தியிடம் சொன்னேன். "சரீங்க" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். மூன்று வெங்காயம் போதும் குழம்புக்கு. ஒன்பது உரித்தாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தமயந்தி சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். சைக்கிளில் இருபத்தைந்து நிமிடம், கொண்டுபோனேன். அந்தக் கூட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்ற ஆசையும்தான். பிரிகிட்டாவுக்கு நாலு முறுக்கு தனியாகக் கட்டி எடுத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக் கூடம் கீழ்த்தளத்தில். வெளிச்சுவர் முழுக்கக் கண்ணாடி. தெருவிலிருந்தே தெரிந்தது. கோடி மேஜையில் தமயந்தி. எட்டு நாற்காலி, அவள் ஒருத்தி. காதில் வயர் மாட்டிக்கொண்டு யாருடனோ பேசுவது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்து மேஜையில் ஆறு பேர் சிரித்தார்கள். இவளும் லேசாகச் சிரித்தாள்.

நான் அங்கேயே நின்று அவளுக்குப் போன் போட்டேன். வேறு யாருடனாவது பேசிக்கொண்டிருந்தால் பிஸி என்று வரவேண்டும். மணி அடித்தது. எடுத்தாள்.

"சொல்லுங் மாமா."

"என்ன பண்ற?"

"சாப்டுட்டு இருக்கறமுங்க. பிரிகிட்டா ஏதோ ஜோக்குச் சொல்றா. ஒரே சத்தம், அப்பறம் பேசட்டுங்களா?"

"சரி புள்ள" என்றேன்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு காய்ந்த ரொட்டியைத் தின்றாள். டப்பாவை வரவேற்பில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். திரும்பும்போது எதிர்க்காற்று. கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. இந்த ஊர்க் காற்று அப்படி.

பிப்ரவரி 26, வியாழன்

மழை. விளையாட்டு இல்லை. முறுக்கு நாலும் அப்படியே இருக்கிறது.

பிப்ரவரி 28, சனி

அவளிடம் சொல்லிவிட்டேன். தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். "செவ்வாக்கிழமை கண்ணாடிக்கு வெளிய நான் நின்னுட்டு இருந்தேன் புள்ள."

தோசையைத் திருப்பாமல் நின்றாள். கருகிற வாசனை வந்தது.

"பிரிகிட்டான்னு ஒருத்தி இருக்காங்க" என்றாள். "அஞ்சாவது மாடி. ஒருக்கா லிப்ட்ல குட்மார்னிங் சொன்னா."

"ஏம் புள்ள எங்கிட்டச் சொல்லல?"

"எனக்கும் ஆருமில்லைன்னு சொன்னா, நீங்க அன்னிக்கே பொட்டியத் தூக்கிருப்பீங்க. எனக்கு இந்த வேல புடிச்சிருக்குதுங்க. அதுக்காகத்தான்." அடுப்பை அணைத்தாள். "வியாழக்கெழம நீங்க வந்து சொல்றதுதான் எனக்கு வாரம் பூராவுக்கும். ஹென்க்கு, யானு, அவிய சண்ட. பாக்காமயே எல்லாரையும் எனக்குத் தெரியும். அன்னிக்கு நேர்லயே பாக்கப் போறம்னு தலைக்குக் குளிச்சுச் சீலை கட்டி உக்காந்திருந்தனுங்க. நீங்க முறை பேசீட்டுப் போயி தூங்கீட்டீங்க."

ஐந்து மாதமாக நான்தான் தனிமையில் வாடுகிறேன் என்று ஒரு நோட்டு முழுக்க எழுதியிருக்கிறேன். அவளை ஒரு நாள், ஒரே ஒரு நாள் திருப்பிக் கேட்டிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 1, ஞாயிறு

காலையில் எழுந்ததும் சொன்னேன்: "அந்த நீலச் சேலையக் கட்டு. அவிய முறைப்படி அவிய கூப்பிட்டு நாம போகல. நம்ம முறைப்படி நாம போயிக் கூப்பிடுவோம்."

எவர்சில்வர் தட்டு. வெற்றிலை கிடைக்கவில்லை. வாழைப்பழம், ஆரஞ்சு, குங்குமம், ஒரு கொத்து டூலிப் பூ. நான் வேட்டி. ஆறு டிகிரி குளிரில் கொங்கு நாட்டு வேட்டியோடு நடந்தவனைச் சைக்கிளில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹென்க் கதவைத் திறந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற இருவரையும் தட்டையும் பார்த்தார். "யாராவது இறந்துவிட்டார்களா?" என்றார்.

"இல்லை. மன்னிப்புக் கேட்க வந்தோம். அப்புறம் கூப்பிட வந்தோம்."

உள்ளே விட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் வேண்டாம் என்பது, இரண்டாவது தடவைக்குக் காத்திருப்பது, அப்பாவும் தபால் கார்டும், எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்படியானால் உங்கள் ஊரில் யார் வருவார்கள் என்று எப்படித் தெரியும்?" என்றார்.

"தெரியாது. நூறு பேருக்கு அதிகமாகச் சமைப்போம்."

அப்போதுதான் சிரித்தார். தமயந்தி தட்டை இரண்டு கையாலும் நீட்டி, அந்தக் கலர் காகிதப் பெட்டியையும் கொடுத்தாள். உள்ளே ஒரு பஸ் பொம்மை. நம் ஊர் டவுன் பஸ், சிவப்பு. அவர் அதை மேஜைமேல் வைத்துக் கொஞ்ச தூரம் தள்ளிப் பார்த்தார்.

மார்ச் இருபத்திரண்டு ஞாயிறு மதியச் சாப்பாடு. ஹென்க், எல்ஸ், யான், யானின் மனைவி. டைரியைத் திறந்து எழுதிக்கொண்டே, "எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டார். விருந்து எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்கிற ஜனத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

மார்ச் 21, சனி

முறைப்படி நாலு பேருக்கும் போன் பண்ணி ஞாபகப்படுத்தினேன். "ஏற்கெனவே வருகிறேன் என்றேனே, ஏதாவது மாறிவிட்டதா?" என்று நாலு பேரும் பயந்துவிட்டார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

ஒரு மணி என்றால் இரண்டு மணி என்று நினைத்துத்தான் தமயந்தி நிதானமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு நாலு பேரும் வாசலில். அவள் தலையில் துண்டு, என் கையில் கரண்டி.

அரிசியும் பருப்பும் சாதம், பள்ளிபாளையம் சிக்கன், தயிர்ப் பச்சடி, பாயசம். மிளகாயைப் பாதியாகக் குறைத்தும் யான் மூக்கு, காது, உச்சந்தலை எல்லாம் சிவந்து உட்கார்ந்திருந்தார். ஆனால் தட்டை நீட்டிக்கொண்டே இருந்தார். "போதும்" என்று ஹென்க் சொன்னபோது நான் இன்னொரு கரண்டி வைத்தேன். மறுபடி "போதும்" என்றார். மறுபடி வைத்தேன். "இப்போது புரிகிறது" என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டு, தட்டின்மேல் இரண்டு கையையும் விரித்து மூடிக்கொண்டார்.

நான் வழக்கம்போல் பேசிக்கொண்டே இருந்தேன். நடுவில் எப்போதோ நான் பேசுவதை யாரும் கேட்கவில்லை என்று தெரிந்தது. எல்ஸும் தமயந்தியும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். எல்ஸுக்கு அறுபது வயது. குட்டை முடி, பெரிய குரல். வாரம் தவறாமல் சனிக்கிழமை காலை ஏழெட்டுப் பெண்களாக ஊருக்கு வெளியே ஏரியில் போய்க் குளிரில் நீந்துவார்களாம். தமயந்தி, "நானும் நீந்துவேன். கிணற்றில் பழகினேன். மேலிருந்து குதிப்பேன்" என்கிறாள்.

இருபது வருடம் குடும்பம் நடத்துகிறேன். எனக்கு இது தெரியாது. அதுவும் பி.டி. மாஸ்டருக்கு!

"எத்தனை அடி?" என்றார் எல்ஸ்.

"இருபது இருக்கும்."

எல்ஸ் டைரியை எடுத்தார். தமயந்தி என்னைப் பார்க்கவில்லை. அவளும் போனில் நாட்காட்டியைத் திறந்து, விரலால் தள்ளித் தள்ளி, சனிக்கிழமை ஏழரை மணி என்று தானே எழுதிக்கொண்டாள்.

நாலு மணிக்கு முடியும் என்று சொல்லியிருந்தேன். ஐந்தரைக்குத்தான் எழுந்தார்கள்.

மார்ச் 28, சனி

ஏழு இருபத்தெட்டுக்கு எல்ஸின் கார். தமயந்தி என் பழைய ட்ராக் சூட்டைப் போட்டுக்கொண்டு, துண்டு, பிளாஸ்கில் சுக்குக் காபியோடு இறங்கினாள். தண்ணீர் ஒன்பது டிகிரியாம். வார்ம் அப் பண்ணு, உடனே தலையை நனைக்காதே, மூன்று நிமிடத்துக்குமேல் இருக்காதே என்று படிக்கட்டில் நின்று நான் சொல்லச் சொல்ல, "சரீங்க, சரீங்க" என்று போய்க்கொண்டே இருந்தாள். காரில் இன்னும் மூன்று பெண்கள் இருந்தார்கள்.

ஒன்பதரைக்குப் போன். பல் அடித்துக்கொண்டது, பேச்சே புரியவில்லை. இரண்டு நிமிடம் நீந்தினாளாம். படகுத்துறையிலிருந்து குதித்தாளாம், எல்லோரும் கை தட்டினார்களாம். "எல்ஸ் வூட்டுல எல்லாருக்கும் சூப்பாமுங்க. நீங்க சாப்புட்டுக்குங்க."

சாப்பிட்டேன். பாத்திரம் கழுவினேன். வீடு முழுக்கப் பெருக்கினேன். பேச ஆளில்லை. மணி இரண்டு ஆயிற்று, மூன்று ஆயிற்று. ஒரு நாள் முழுக்க அவளில்லாமல் இந்த வீட்டில் நான் இருந்த முதல் சனிக்கிழமை இதுதான். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, ஒளிப்பானேன்.

மூன்றரைக்கு உட்கார்ந்து தலைமையாசிரியருக்கு எழுதினேன். விருப்ப ஓய்வுக்கு விண்ணப்பிக்கிறேன் என்று நாலே வரி. விளையாட்டு விழா அணிவகுப்பில் முன்னால் நடப்பது இனி இல்லை. பிள்ளைகள் மூச்சிரைக்க ஓடிவந்து "சார், நான் எத்தனாவது சார்?" என்று கேட்பதும் இல்லை. இரண்டு தடவை அழித்து, மூன்றாவது தடவை அனுப்பிவிட்டேன். அனுப்பியபின் வாய்விட்டு அழுதேன். பார்க்க ஆளில்லாதது வசதியாகப் போயிற்று.

முகம் கழுவிவிட்டு ரசம் வைத்தேன். ஆறு மணிக்கு மறுபடி அவள் போன். "எட்டு மணி ஆயிருமுங் மாமா."

"யாரோட இருக்க?"

"வந்து சொல்றனுங்க" என்று வைத்துவிட்டாள்.